எண்களால் உயிர் காத்த ஒஸ்டின் பிராட்போர்ட் ஹில்

மருத்துவராக வேண்டும் என்ற கனவோடு உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்தவர்கள் எம்மில் பலர். நானும் அவர்களுள் ஒருத்தி. அக்கனவு கைகூடாவிட்டால் எல்லாமே முடிந்துவிட்டது என்று நினைப்போரும் உண்டு. ஆனால் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டும் படிக்க முடியாமற்போன ஒருவர், பிற்காலத்தில் மருத்துவர்களுக்கே ஒரு பாடம் கற்பித்தார். அவர்தான் சேர் ஒஸ்டின் பிராட்போர்ட் ஹில்.

இவர் 1897ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தையார் லெனார்ட் ஹில் புகழ்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். தந்தையின் வழியில் மருத்துவம் கற்கவே மகனும் விரும்பினார். ஆனால் முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது. கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாகச் சென்ற அவர், 1917இல் காசநோயுடன் நாடு திரும்பினார். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வும் நல்ல காற்றும் நல்ல உணவுமே சிகிச்சை. பிழைக்கமாட்டார் என்றே கருதப்பட்ட அவர், நீண்ட காலம் படுக்கையில் கிடந்து, இறைவன் அருளால் எழுந்தார். மருத்துவக் கல்வியின் கடும் உழைப்பை அவரது உடல் தாங்காது என்பதால், தபால்மூலம் பொருளியல் படித்து 1922இல் பட்டம் பெற்றார். பின்னர் புள்ளிவிபரவியலைக் கற்று, மருத்துவ ஆய்வுகளுக்குள் அந்த வாசல் வழியாக நுழைந்தார்.

மருத்துவத்துக்கும் எண்களுக்கும் என்ன தொடர்பு? எங்கள் முன்னேஸ்வரப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில், பப்பாசி இலைச் சாற்றைக் குடித்துத்தான் சுகமானோம் என்று பலரும் சொல்வார்கள். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சாறு குடித்ததும் உண்மை, சுகமானதும் உண்மை. ஆனால் டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் சாறு குடிக்காமலும் சுகமடைகிறார்கள். குருதிச் சிறுதட்டுகளும் சில நாட்களில் தாமாகவே கூடுகின்றன. அப்படியானால் சுகத்தைத் தந்தது சாறா, காலமா? ஒருவரை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஹில் செய்தது இதைத்தான். 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. போரினால் நலிந்திருந்த பிரித்தானியாவால் அதைச் சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதாத அந்த நிலையில், அது உண்மையில் பயன் தருகிறதா என்பதை நேர்மையாகச் சோதிக்க மருத்துவ ஆராய்ச்சிச் சபை முடிவுசெய்தது. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தீர்மானித்தால், தம்மை அறியாமலே நலமானவர்களைத் தெரிவுசெய்துவிடக்கூடும். ஆகவே ஹில் எழுமாற்று எண்களைக்கொண்டு பட்டியல் தயாரித்து, முடிவை முத்திரையிட்ட கடித உறைகளுக்குள் வைத்தார். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கிடைத்தன. எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. ஆறு மாதங்களின் பின் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948இல் இம்முடிவு வெளியானது.

4க்கும் 14க்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாக வந்திருக்கலாமா? மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணித்தால், இவ்வளவு பெரிய வேறுபாடு தானாகவே வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றிலும் குறைவு. அவ்வாய்ப்பு மிகச் சிறிதாக இருக்கும்போது, பொதுவாக நூற்றில் ஐந்திலும் குறையும்போது, அம்முடிவைப் புள்ளிவிபரப் பொருண்மை உடையது என்பர்.

இதே ஆய்வை 11 பேரிடம் மட்டும் நடத்தியிருந்தால்? மருந்து பெற்றவர்களில் எவரும் இறக்காமலும், பெறாதவர்களில் ஒருவர் மட்டும் இறந்தும் இருக்கலாம். அதைக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மருந்து அதே மருந்துதான்; அதன் பயனைக் காணும் வலு ஆய்வுக்கு இல்லை. உண்மையில் இருக்கும் பயனை ஓர் ஆய்வு கண்டுபிடிப்பதற்கான வாய்ப்பையே அதன் வலு என்கிறோம். ஆட்கள் கூடினால் வலுவும் கூடும். வலுவற்ற ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்பதற்காக, வேறுபாடே இல்லை என்று தீர்ப்புச் சொல்வது, மங்கிய விளக்கில் தேடிவிட்டு வீட்டில் ஊசியே இல்லை என்பதைப் போன்றது. அவ்வாறு கைவிடப்படும் மருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் இறந்துபோவார்கள்.

பொருண்மை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற பலரின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. சில ஆண்டுகளில் இரு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி பெரிதும் சுருங்கியது. அடுத்த ஆய்வுகள்தான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதைக் காட்டின.

அதே வழிமுறை எமது பிராந்தியத்துக்கும் வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், நோயாளர்களை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சிகிச்சை நிலையத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வறுமையும் நெருக்கடியும் மிகுந்த வீடுகளிலும் சிகிச்சை நல்ல பலன் தந்ததை 1959இல் அது அறிவித்தது. குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றுகிறதா என ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பின்னரே, அந்த அச்சமும் நீங்கியது. பிள்ளைகளைப் பிரிந்து தொலைவில் தனித்திருக்க வேண்டிய நிலை எத்தனையோ தாய்மாருக்கு இதனால் மாறியது.

ஹில் பின்னர் ரிச்சர்ட் டோலுடன் சேர்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளிப்படுத்தினார். 1951இல் பிரித்தானிய மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோரின் புகைப் பழக்கத்தைப் பதிந்து தொடர்ந்து கவனித்தார். 1961இல் சேர் பட்டம் பெற்றார். 1965இல் ஆற்றிய உரையொன்றில், பொருண்மைச் சோதனையை மட்டும் நம்பிச் சிந்திப்பதை நிறுத்திவிடக்கூடாது என எச்சரித்தார். அந்தக் கணக்கைத் தம் வாழ்நாள் முழுதும் கற்பித்தவரே அதன் எல்லையையும் சொன்னார் என்பதுதான் அவரில் எனக்கு மிகவும் பிடித்தது.

1991 ஏப்ரல் 18இல், தமது 93ஆவது வயதில் அவர் காலமானார். நோய்க்கு மருந்தையும் இறைவன் படைத்திருக்கிறான் என்பது எமது நம்பிக்கை. அது எந்த மருந்து என்பதைப் பொறுமையோடும் நேர்மையோடும் தேடுவது மனிதரின் கடமை. ஆகவே தோழியரே, பெற்றோரே, ஒரு மருந்தைப் பற்றிய செய்தி எம்மிடம் வரும்போது முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்?