போர்க்களம் தீட்டிய தூரிகை

ஒரு கையில் கொடி. மறு கையில் வாள். காற்றில் பறக்கும் நீண்ட முடி. தன் படையைத் திரும்பி நோக்கும் மெலிந்த முகம். நெப்போலியனின் இந்தத் தோற்றத்தை நம்மில் பலர் வரலாற்றுப் புத்தகங்களில் கண்டிருப்போம். கையால் எழுதிய எண்ணெய் வண்ண நகலாக இது இன்றும் உலகெங்கும் விலைபோகிறது. நகலை வாங்கிச் சுவரில் மாட்டுவோரில் எத்தனை பேருக்கு மூல ஓவியத்தை எழுதியவர் பெயர் தெரியும்? அவர்தாம் அந்துவான் ழான் குரோ.

குரோ 1771-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிறந்தார். தாயும் தந்தையும் சிற்றோவியம் எழுதிப் பிழைத்தவர்கள். 1785-இல், பதினான்கு வயதில், டேவிட் என்னும் பேராசானின் ஓவியக் கூடத்தில் சேர்ந்தார். கிரேக்க, ரோமானியக் கதைகளை எழுதுவதே உயர்ந்த கலை என்பது டேவிட்டின் கொள்கை. கோடு தெளிவாக இருக்க வேண்டும். உணர்ச்சி அடங்கியிருக்க வேண்டும். மாணவர் குரோவின் உள்ளமோ வண்ணத்தையும் வேகத்தையும் நாடியது!

1793-இல், புரட்சியின் கொந்தளிப்புக்கிடையே, டேவிட்டின் உதவியோடு குரோ இத்தாலி சென்றார். ஜெனோவாவில் ரூபென்ஸின் ஓவியங்களைக் கண்டு மயங்கினார். அங்கேதான் நெப்போலியனின் மனைவி ஜோசபினின் அறிமுகம் கிட்டியது. அம்மையார் அவரை மிலான் நகருக்கு அழைத்துச் சென்றார். முதலில் சொன்ன படம் 1796 நவம்பரில் நடந்த ஆர்கோலா பாலப் போரைக் காட்டுவது. தளபதிக்கு ஓரிடத்தில் அமரப் பொறுமை இல்லை. ஜோசபின் மடியில் இருத்திப் பிடித்துக்கொள்ள, கிடைத்த சில நிமிடங்களில் குரோ முகத்தை எழுதிக்கொண்டாராம். உண்மையில் அன்று அந்தத் தாக்குதல் வெற்றி பெறவில்லை. தளபதி சதுப்பில் விழுந்து மீட்கப்பட்டார். ஓவியத்தில் சதுப்பைக் காணோம்.

அடுத்து யாஃபா. 1799-இல் பாலத்தீனத்து யாஃபா நகரில் பிரெஞ்சு வீரர்களைக் கொள்ளைநோய் பிடித்தது. நோயாளிகளுக்கு நஞ்சிடச் சொன்னார் நெப்போலியன் என்று பழி எழுந்தது. அந்தப் பழியைத் துடைக்கவே இந்த ஓவியம் எழுதப்பட்டது எனலாம். அஞ்சாது நோயாளியின் புண்ணைத் தொடும் தலைவனை 1804-இல் குரோ எழுதிக் காட்டினார். ஆனால் தூரிகை விளம்பரத்தோடு நிற்கவில்லை. முன்புறத்து இருளில் சாகக் கிடப்போரின் முகங்கள் தலைவனின் முகத்தைவிட நம்மை அதிகம் இழுக்கின்றன.

எய்லோ ஓவியத்தை இவற்றினும் மேலாகக் கருதுகிறேன். 1807 பிப்ரவரியில் பனி மூடிய களத்தில் நடந்த போர் அது. வெற்றி எவருக்கு என்றே சொல்ல முடியாதபடி இரு தரப்பிலும் ஆயிரம் ஆயிரமாக வீரர்கள் மாண்டனர். மறுநாள் களத்தைப் பார்வையிடும் பேரரசரை எழுதப் போட்டி அறிவிக்கப்பட்டது. வென்றவர் குரோ. 1808-இல் முடிந்த அப்படத்தின் உயரம் 5 மீட்டருக்கு மேல். அகலம் ஏறத்தாழ 8 மீட்டர். கீழ் விளிம்பில் உறைந்து கிடக்கும் பிணங்கள் ஆள் உயரத்தினும் பெரியவை. எதிரே நிற்பவன் முதலில் காண்பது அவற்றையே.

நகல் எழுதுவோர் மூலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சிறிதாக்குவர். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகல் எழுதலாம். மூலத்தின் அளவிலேயே எழுதக் கூடாது என்பது விதி. வண்ணத்தோடு சேரும் ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஆகவே ஒரு பூச்சு இறுகும்வரை காத்திருந்து அடுத்ததைப் பூச வேண்டும். இத்தனை பாடுபட்டும், மூன்றடி நகலில் அந்தப் பிணங்கள் மிகச் சிறிதாகிவிடுகின்றன. குதிரைமேல் பேரரசர் மட்டுமே எஞ்சுகிறார்!

நெப்போலியன் வீழ்ந்தபின் டேவிட் நாடு கடத்தப்பட்டு 1816-இல் பிரஸ்ஸல்ஸ் சென்றார். போகும்போது தம் கூடத்தையும் மாணவர்களையும் குரோவிடம் ஒப்படைத்தார். அங்கிருந்து மடல் மேல் மடல் வந்தது. நடப்பு நிகழ்ச்சிகளை விட்டுவிடு, பழங்கதைகளை எழுது என்பதே அவற்றின் சாரம். ஜெரிக்கோ, தெலக்ருவா போன்ற இளைஞர்கள் குரோவின் போர்க்களங்களைப் பார்த்தே புதிய வழி கண்டிருந்தனர். குரோவோ ஆசானின் சொல்லைத் தலைமேல் கொண்டார். 1824-இல் நண்பர் ஜிரோதேயின் இறுதிச் சடங்கில், கலையைக் கெடுத்தவர்களுள் தாமும் ஒருவர் என்று பலர் முன்னிலையில் தம்மையே பழித்துக்கொண்டார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் போன்றோர்க்கு ஆசிரியர் சொல்லே வேதம். ஆயினும் இவ்விடத்தில் டேவிட் மீது எனக்குக் கோபம் வருகிறது.

பாந்தியன் மாடத்தின் உட்கூரையை எழுதி முடித்ததற்காக மன்னர் பிரபுப் பட்டம் அளித்தார். பட்டம் வந்தது; பழைய தூரிகை திரும்பவில்லை. இல்லறமும் இனிக்கவில்லை. 1835-இல் ஹெர்க்குலிசும் டையோமிடீசும் என்ற புராண ஓவியத்தைக் கண்காட்சிக்கு வைத்தார். விமரிசகர்கள் எள்ளி நகையாடினர். அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் பாரிசை அடுத்த மெதோன் அருகே சேன் ஆற்றில் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 64.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1848-இல், தெலக்ருவா அவரைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினார். அதில் அவர் போற்றியது ஹெர்க்குலிசை அன்று, யாஃபாவையும் எய்லோவையுமே.