நிழல்களிலிருந்து உருவம்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து வருவோர்க்குச் சி.டி. ஸ்கேன் என்பது இன்று பழகிய சொல். புற்றுக்கட்டி எங்குள்ளது, எவ்வளவு பெரியது, நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியுள்ளதா என்பவற்றை மருத்துவர் அப்படத்தில் காண்கிறார். அதனை உருவாக்கும் கணக்கில், சென்னையில் நெடுநாள் பணியாற்றிய அறிஞர் ஒருவர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவரே ஜி. என். இராமச்சந்திரன்.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றபின், மின்பொறியியல் கற்கப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் சென்றவரைச் சர் சி. வி. இராமன் இயற்பியலுக்கு ஈர்த்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவமும் இராமச்சந்திரன் வரைபடமும் அங்கு விளைந்தவை. அவற்றை உயிரியல் நூல்கள் விரித்துரைக்கும். நாம் காண்பது வேறொன்று.

ஊடுகதிர்ப் படம் என்பது நிழலே. எலும்பும் தசையும் கட்டியும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து ஒன்றையொன்று மறைக்கும். பல கோணங்களில் நிழல்களைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றையும் வந்த வழியே திரும்பப் பரப்பிச் சேர்த்தால் உள்ளுருவம் கிடைக்கும். ஆயின், மூடுபனிக்குள் பார்ப்பதுபோல் அது மங்கித் தோன்றும். ஃபூரியர் கணிதம் அம்மங்கலை நீக்கவல்லது. எனினும் அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஓர் எளிய கணித வடிகட்டியால் திருத்திவிட்டால் போதும் என்று இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் காட்டினர். மங்கல் நீங்கியது, கணக்கிடும் நேரமும் குறைந்தது. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் இதையொத்த வழியைக் கண்டிருந்தனர். ஆயினும் மருத்துவப் படவியலில் அவ்வடிகட்டி 'ராம்-லாக்' என்றே வழங்குகிறது.

அதே 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் பொறி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அது வேறொரு கணக்குமுறையைக் கையாண்டது. முழுவுடலுக்கான பொறிகள் வந்தபோது வடிகட்டிமுறையே பரவலாயிற்று. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்கிற்கும் கிடைத்தது. இராமச்சந்திரன் பெயர் விடுபட்டதைக் குறையாகக் கருதுவோர் உளர். கார்மக்கின் கணிதம் 1963இலேயே வெளிவந்ததையும் நாம் மறத்தலாகாது.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் கொண்ட, சர்க்கரையை ஒத்த பொருளை ஊசிவழிச் செலுத்துவர். அதனைப் புற்றுச்செல்கள் மிகுதியாக ஈர்ப்பதால் உடலெங்கும் அவை பரவிய இடங்கள் ஒளிரும். அப்படங்களும் நெடுங்காலம் வடிகட்டிமுறையிலேயே அமைந்தன. இன்று அதனினும் நுண்ணிய முறைகள் வந்துள்ளன.

பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவிய இராமச்சந்திரன், 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். முதுமையில் நடுக்குவாத நோயால் நலிவுற்று, 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார்.