விற்பனைக்கு அல்லாத ரயில்

எந்தப் பொருளை விற்க வேண்டும் என்பதைத் தொழிலதிபர்தான் முடிவு செய்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். சில வேளைகளில் அந்த முடிவை வேடிக்கை பார்ப்பவர்களே எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பல தலைமுறைச் சிறுவர்களின் கனவாக விளங்கிய 'லயனல்' பொம்மை ரயில் அப்படிப் பிறந்ததுதான்.

அதை உருவாக்கிய ஜோஷுவா லயனல் கோவன், 1877 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கில் ஒரு யூதக் குடியேறிக் குடும்பத்தின் ஒன்பது பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தார். கல்லூரியில் சேர்ந்தும் படிப்பை முடிக்கவில்லை. மின்சாரம் அவரை ஈர்த்துக்கொண்டது. ஒளிப்படக் கலைஞர்களுக்கான ஒளிப்பொடியைப் பற்றவைக்கும் சாதனத்துக்கு 1899-இல் காப்புரிமை பெற்றார். கடற்கண்ணிகளுக்கு வெடிதூண்டி செய்து தரும் ஒப்பந்தம் அமெரிக்கக் கடற்படையிடமிருந்து கிடைத்தது. அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1900-இல் ஹாரி கிராண்ட் என்பவருடன் சேர்ந்து தன் நடுப்பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால், எதைத் தயாரிப்பது என்பதில் அவருக்குத் தெளிவு இருக்கவில்லை.

நியூயார்க் கடைகளின் கண்ணாடிக் காட்சிப் பெட்டிகளில் பொருள்கள் அசைவற்றுக் கிடப்பதைக் கண்ட அவர், சிறிய மின்விசிறி மோட்டாரைப் பொருத்திய மரத்தாலான சரக்குப் பெட்டி ஒன்றை வட்டத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். ஓடும் வண்டி தெருவில் செல்வோரை நிறுத்தும், நின்றவர்கள் உள்ளே வந்து வேறு பொருள்களை வாங்குவார்கள் என்பது கணக்கு. ஆனால், வந்தவர்கள் அந்த வண்டியையே கேட்டார்கள் என்றும், கடைக்காரர் மேலும் பல வண்டிகளுக்கு உடனே சொல்லி அனுப்பினார் என்றும் கோவன் பின்னாளில் சொல்லி வந்தார். விளம்பரக் கருவியே சரக்காக மாறியது.

வணிகத்தில் அவர் இரக்கம் காட்டியவர் அல்லர். 1906-இல் வேறெவரும் பயன்படுத்தாத அகலத்தில் ஒரு தண்டவாளத்தை வெளியிட்டு, அதற்கு 'ஸ்டாண்டர்ட்' என்று பெயரிட்டார். பழைய போட்டியாளரான ஐவ்ஸ் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு ரயில்கள் எளிதில் உடைபவை என்று விளம்பரங்களில் தாக்கினார். 1928-இல் ஐவ்ஸ் திவாலானபோது, மற்றொரு போட்டி நிறுவனத்துடன் சேர்ந்து அதை வாங்கிக்கொண்டார். ரயிலை வெறும் பொம்மையாக அல்லாமல், தந்தையும் மகனும் சேர்ந்து ஈடுபடும் பொழுதுபோக்காக அவருடைய வண்ண விலைப்பட்டியல்கள் முன்னிறுத்தின.

இந்த வணிகத்தின் உயிர்நாடியாக இருந்தவை பேரங்காடிகள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மேசிஸ், கிம்பல்ஸ் போன்ற அங்காடிகளின் பொம்மைத் தளங்களில் மலைகளும் பாலங்களும் நிலையங்களும் கொண்ட சிற்றுலகங்கள் எழும். அவற்றினூடே ரயில்கள் ஓடும். மன்ஹாட்டனின் 26-ஆவது தெருவில் லயனல் நிறுவனமே ஒரு காட்சிக்கூடத்தை நடத்தியது. பார்ப்பதற்குக் கட்டணமில்லை. வாங்க வசதியற்ற வீட்டுச் சிறுவனும் நெடுநேரம் நின்று பார்க்கலாம். அந்தத் தலைமுறையினர் முதுமையில் அசைபோடுவது வாங்கிய ரயிலை மட்டுமன்று. பார்த்து நின்ற பொழுதுகளையும்தான்.

பெருமந்தம் கோவனையும் விடவில்லை. 1934-இல் நிறுவனம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. ஒரு டாலர் விலையில் வந்த மிக்கி மவுஸ் கைவண்டி பெருமளவில் விற்றுக் கைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பொம்மை உற்பத்தி நின்று, கடற்படைக்கான திசைகாட்டிகள் தயாராயின. 1943-இல் உலோகத்துக்குப் பதிலாக அட்டையாலான ரயிலை வெளியிட்டுப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது நிறுவனம். போருக்குப் பின் புகைவிடும் எஞ்சின்கள் வந்தன. 1953-இல் ஆண்டு விற்பனை 3 கோடி டாலரைத் தாண்டியது.

சரிவும் அதே பத்தாண்டில் தொடங்கியது. தொலைக்காட்சி, மோட்டார் வாகனம், விமானம், விண்வெளி என்று சிறுவர்களின் கனவுகள் மாறின என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையே. ஆனால், பொருளியல் நோக்கில் மற்றொரு காரணமும் உண்டு. பேரங்காடி இடம் ஒதுக்கி, ஆள் வைத்து, மின்சாரம் செலவிட்டு ரயிலை ஓட்டிக் காட்டும். அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டவர், அடுத்த தெருவில் உள்ள தள்ளுபடிக் கடையில் பெட்டியோடு மலிவாக வாங்கிச் செல்வார். காட்டுபவருக்குச் செலவு, காட்டாதவருக்கு லாபம். உற்பத்தியாளர்கள் சில்லறை விலையை ஏன் கட்டுப்படுத்த விரும்புகிறார்கள் என்பதை லெஸ்டர் டெல்சர் என்ற பொருளியலறிஞர் 1960-இல் இந்த முரணைக் கொண்டே விளக்கினார். விலைக் கட்டுப்பாடு தளரத் தளர, ஓட்டிக் காட்டுவதில் கடைகளுக்கிருந்த ஆதாயமும் தேய்ந்தது.

பெண் குழந்தைகளை ஈர்க்க 1957-இல் வெளியிட்ட இளஞ்சிவப்பு ரயிலும் எடுபடவில்லை. 1959-இல் கோவன் தன் பங்குகளை விற்று விலகினார். 1965 செப்டம்பர் 8 அன்று ஃபுளோரிடாவில் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் திவாலானது. 1987-இல் கிம்பல்ஸ் அங்காடியும் மூடப்பட்டது. லயனல் என்ற பெயர் கைமாறிக் கைமாறி இன்றும் வாழ்கிறது. அதை வாங்குவோரில் பெரும் பகுதியினர் சிறுவர்கள் அல்லர், வயது வந்த சேகரிப்பாளர்கள்.

கோவனின் வாழ்க்கையை வெறும் ஏக்கத்தோடு படித்து முடித்துவிடக் கூடாது. கடையில் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் வாங்கும் பழக்கம் இன்று நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அதனால் நாம் மிச்சப்படுத்தும் தொகை கணக்கில் தெரிகிறது. வாங்க இயலாதவரும் உள்ளே வந்து நின்று பார்க்க இடம் தந்த கடைகள் ஒவ்வொன்றாக மறையும்போது ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. அந்தச் செலவை யாராவது ஒருவர் ஏற்றால்தான் காட்சி தொடரும். வாங்குபவர்கள் ஏற்க மறுத்தால், இழப்பு வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கே.