சேனாதிபதி சுபுதாய்
மங்கோலியரின் வெற்றிகளுக்கு அவர்களுடைய சைன்யத்தின் பெருக்கமே காரணம் என்று நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். சேனாதிபதி சுபுதாயின் சரித்திரம் அவ்வெண்ணத்தைத் திருத்தக்கூடியது.

ராஜ வம்சத்தில் பிறவாத இவர், இளமையிலேயே செங்கிஸ்கானிடம் சேவையில் அமர்ந்து, திறமையினாலேயே உயர்ந்தார். 1220-ல் குவாரசம் நாட்டு ஷாவைத் துரத்திச் சென்ற இவரும் ஜெபே என்னும் தளபதியும், பின்னர் காக்கஸஸ் மலைகளைக் கடந்து ருஷிய சமவெளியை அடைந்தனர். அங்கே சிற்றரசர் பலர் கூடி எதிர்த்தனர். மங்கோலியர் தோற்றோடுவதுபோல் பல நாள் பின்வாங்கி, 1223-ல் கால்கா நதிக்கரையில் திரும்பித் தாக்கினர். ஒரே தலைமையின்றி வந்த சிற்றரசர்கள் சிதறினர். கீயெவ் அரசரோ, பிறர் அழியத் தாம் பாசறையை விட்டு அசையவில்லை. முடிவில் அவரும் மாண்டார்.

1237-ல் இளவரசர் பாத்துவுடன் சுபுதாய் மீண்டும் வந்தபோதும் அவ்வரசர்கள் ஒன்றுபட்டிருக்கவில்லை. ஒவ்வொரு நகரமாக வீழ்ந்து, 1240-ல் கீயெவும் அழிந்தது. 1241 ஏப்ரலில் மங்கோலியரின் ஒரு படை போலந்தில் வென்ற இரண்டாம் நாளே, ஹங்கேரியின் சாயோ நதிக்கரையில் பேலா மன்னரின் சேனை முறியடிக்கப்பட்டது. 1248-ல் சுபுதாய் காலமானார்.

எண்ணற்ற மக்களை மாய்த்த இப்படையெடுப்புகளை நாம் போற்றவில்லை. ஆயினும், சுபுதாயின் யுக்திக்குப் பகைவரின் வேற்றுமை எவ்வளவு துணைபுரிந்தது என்பதை மறத்தலாகாது.