தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

ஹாஸ்டலில் கொசுக்கடி வாங்கிய நண்பர்களுக்கும், இப்போது வாங்கிக் கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒருவரை நினைவூட்ட ஆசை. பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் வந்துபோன சர் ரொனால்ட் ராஸ்தான் அவர்.

1857-ல் அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் கணக்கிலும் பித்து. அப்பாவின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்து, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் வேலை. அவர் பங்களாவில் மட்டும் கொசு அதிகம். தேடிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் நெளியும் புழுக்கள்! தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. அதிகாரிகளின் மெஸ்ஸிலும் இப்படிச் செய்யலாமே என்று யோசனை சொன்னார். அங்கிருந்த அதிகாரி சம்மதிக்கவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அன்று ராஸுக்கே தெரியாது.

அதற்கு 14 வருஷம் ஆனது. 1897 ஆகஸ்ட் 20-ல், செகந்தராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார். 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கொசுக்கடி மூலமே கிருமி பரவுகிறது என்று நிரூபித்தார். 1902-ல் நோபல் பரிசு.

நம்மில் பலர் இதோடு நிறுத்திவிடுவோம். என்னைப் போன்ற இன்ஜினியருக்குப் பிடித்த ராஸ் இதற்குப் பிறகுதான் வருகிறார். மொரீஷியஸ் தீவுக்குப் போய் வந்து, 1908-ல் வெளியிட்ட அறிக்கையில் மலேரியாவைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் தானே அடங்கும் என்பது விடை. அப்படியானால் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையா?

அந்த எண்ணிக்கைதான் இன்றும் நடக்கிறது. 100 வீட்டைச் சோதித்தால் எத்தனை பாத்திரத்தில் கொசுப்புழு இருக்கிறது என்பது டெங்கு தடுப்பில் ஒரு முக்கியமான அளவு. நம்ம பொதட்டூர்பேட்டையில், தறி ஓடுகிற வீட்டு வாசலில் பணியாளர் வந்து நின்றால், எங்க வீட்டுத் தண்ணி சுத்தமாத்தான் இருக்கு என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. டெங்கு கொசுவுக்குப் பிடித்ததே அந்தச் சுத்தமான தண்ணிதாங்க! ஒரு வீட்டை விட்டால் கணக்கே தப்பு. பெங்களூர் மெஸ் அதிகாரி செய்ததும் இதுதானே?

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து, உட்புறம் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். 1932-ல் மறைந்த அந்த மனிதருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.