மேற்கோளின் பிறப்பிடம் தேடிய பேராசிரியர்

தமிழ்த் தாத்தா என்று நாம் அன்புடன் போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தஞ்சைச் சீமையில் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட ஐயரவர்கள், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்கள்.

அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடஞ்சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் பழம்பாடல் அடிகள் மேற்கோளாக மலிந்திருந்தன. ஆனால் அவை எந்நூலைச் சேர்ந்தவை, யார் பாடியவை என்பது பல இடங்களில் குறிக்கப்படவில்லை. உரை எழுந்த காலத்துப் புலவர்க்கு அக்குறிப்பு வேண்டியிருந்திராது. பின்னர் மூலநூல்கள் வழக்கொழியவே, அடிகள் தாய்வீடு தெரியாத பிள்ளைகள் போல் நின்றன.

ஐயரவர்கள் ஊகித்துப் பெயர் சூட்டினாரல்லர். கிடைத்த ஏட்டுச் சுவடிகளிலெல்லாம் அவ்வடிகளைத் தேடினார்கள். திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளில் பொருநராற்றுப்படையைப் படித்தபோது, சிந்தாமணி உரையிற் கண்ட அடிகள் அங்கிருக்கக் கண்டு அளவிலா உவகை எய்தினார்கள். மேற்கோளின் இடந்தேடிச் சென்றவருக்குச் சங்க நூல்களே அகப்பட்டன! 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என நூல்கள் அச்சேறின.

பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் காட்டியதோடு, மேற்கோள்களின் இடம் விளங்கியவற்றையும் விளங்காதவற்றையும் பிரித்துக் காட்டும் நேர்மையும் அவர்களிடம் இருந்தது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்கள். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார்கள். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார்கள்.

ரெயில்வேயில் பார்சல் ஒன்று வந்தால், புறப்பட்ட நிலையமும் அனுப்பியவர் பெயரும் பாராமல் நாம் பதிவு செய்வதில்லை. ஆயினும் மேடையேறினால், காதில் விழுந்த நல்வாக்கையெல்லாம் வள்ளுவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவில் வளரும் நம் குழந்தைகள் நம் வாய்ச்சொல்லையே ஏடாகக் கொள்கிறார்கள். நாம் தவறாகச் சொன்னதைத் திருத்த அவர்கட்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் புலவர் இருப்பதும் அரிது. ஆதலின், நம் ஆண்டு விழாவில் ஓரடியை எடுத்தாளுமுன் நூலைப் பிரித்துப் பார்ப்போமாக. இடம் தெரியாவிடில் தெரியவில்லை என்றே சொல்வோமாக. ஐயரவர்கட்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் இதுவே.