ஆசிரியர் பெயரைச் சூடிய இஞ்சின்

பெர்லின் நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பழைய நீராவி இரயில் இஞ்சின் ஒன்று நிற்கிறது. நடுவில் ஒரு சோடிப் பெரிய சக்கரம், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சோடிச் சிறிய சக்கரம், மேலே உயரமான புகைபோக்கி. 1844-ஆம் ஆண்டு பெர்லின் தொழில் கண்காட்சியில் வைக்கப்பட்ட இஞ்சினை அப்படியே பார்த்து 1912-இல் செய்த நகல் அது. அதன் பெயர் ‘பொய்ட்’.

பொய்ட் என்பவர் ஓர் ஆசிரியர். தொழிற்கல்வி நிலையம் ஒன்றின் தலைவர். அந்த இஞ்சினைச் செய்தவரோ அதே நிலையத்தில் படித்து, தேறாதவர் என்று வெளியே அனுப்பப்பட்ட மாணவர். அந்த மாணவர்தான் ஆகஸ்ட் போர்சிக். ஜெர்மனியின் இரயில் வரலாற்றில் பல பெரிய பெயர்கள் உண்டு. இருந்தாலும் மாணவர்களுக்கு ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் நான் போர்சிக்கைத்தான் எடுப்பேன்.

அவர் 1804-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிரெஸ்லவ் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்ய நாட்டு நகரம்; இன்று வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. தந்தை தச்சர். மகனும் தச்சு வேலையையே கற்றார். உள்ளூரில் கலையும் கட்டடத் தொழிலும் கற்பித்த பள்ளி ஒன்றில் படித்தார். பிறகு 1823-இல் பெர்லினின் அரச தொழிற்கல்வி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த நிலையத்தை 1821-இல் தொடங்கியவர்தான் பீட்டர் பொய்ட். பிரஷ்ய அரசின் உயர் அதிகாரியான அவருக்கு ஒரே ஒரு கவலை. இங்கிலாந்து நீராவியில் நூல் நூற்கிறது, இரும்பு உருக்குகிறது, நிலக்கரி எடுக்கிறது. பிரஷ்யா இன்னும் கையாலும் குதிரையாலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. இயந்திரங்களை வெளிநாட்டுக்கு விற்க இங்கிலாந்தில் அப்போது கடும் கட்டுப்பாடு இருந்தது. பொய்ட் அசரவில்லை. இங்கிலாந்துக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். முடிந்த வழிகளில் எல்லாம் இயந்திரங்களைப் பெர்லினுக்கு வரவழைத்தார். அவற்றைப் பார்த்து வரையவும் அதேபோல் செய்யவும் ஆட்களைப் பழக்குவதுதான் அவருடைய திட்டம்.

இப்படிப்பட்ட இடத்தில் போர்சிக் ஏன் நிலைக்கவில்லை? வேதியியல் அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. பாடத்திட்டத்தில் அது முக்கியப் பாடம். இந்த இளைஞரால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது பொய்ட்டின் முடிவு. 1825-இல் படிப்பை முடிக்காமலேயே போர்சிக் வெளியேறினார்.

அடுத்து அவர் போன இடம் எகெல்ஸ் என்பவரின் இரும்பு வார்ப்படச்சாலை. பெர்லினில் நீராவி இஞ்சின் செய்யத் தெரிந்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. சிலேசியாவின் வால்டன்பர்க்கில் ஒரு நீராவி இஞ்சினைப் பொருத்தி ஓடவிடும் வேலை தொடக்கத்திலேயே அவர் கைக்கு வந்தது. அதை ஒழுங்காகச் செய்து முடித்தார். பிறகு தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பே அவரிடம் வந்து சேர்ந்தது. பத்து ஆண்டுக்கும் மேலாக அங்கேதான் இருந்தார். வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பத்து ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உருக்கிய இரும்பு அச்சில் எப்படி ஓடும், ஆறும்போது எங்கே விரிசல் விடும் என்பதையெல்லாம் ஒரு மனிதர் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொள்ளும் காலம் அது.

1836-இல் பெர்லினின் ஒரானியன்பர்க் வாயிலுக்கு வெளியே, சௌசே தெருவில் சொந்தமாக நிலம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அவருடைய வார்ப்படச்சாலையில் முதல் வார்ப்பு நடந்தது. சுற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக உலைகள் எழுந்தன. புகையும் நெருப்பும் சூழ்ந்த அந்த வட்டாரத்துக்கு மக்கள் ‘நெருப்பு நாடு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

எடுத்த எடுப்பிலேயே அவர் இஞ்சின் செய்துவிடவில்லை. பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் இடையே தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்காக போர்சிக்குக்குக் கிடைத்த ஆர்டர் திருகாணிகள்; மொத்தம் 116,200. மறுக்காமல் செய்து கொடுத்தார். இரயில் தொழிலுக்குள் அவர் நுழைந்த வாசல் அதுதான்.

அன்றைய ஜெர்மனியில் இரயில் என்றாலே இங்கிலாந்துச் சரக்குதான். 1835 டிசம்பர் 7-ஆம் நாள் நியூரம்பெர்க்கிலிருந்து ஃபியூர்த் வரை ஓடிய ‘ஆட்லர்’ என்ற இஞ்சின், ஸ்டீவன்சன் நிறுவனத்திலிருந்து கப்பலேறி வந்தது. அதை ஓட்டிய வில்லியம் வில்சனும் ஆங்கிலேயர்தான். நம்மால் முடியுமா என்று முதலில் முயன்றவர்களில் டிரெஸ்டன் நகரப் பேராசிரியர் ஷூபர்ட் ஒருவர். அவர் உருவாக்கிய ‘சாக்சோனியா’ 1839 ஏப்ரலில், லைப்சிக் – டிரெஸ்டன் தடத்தின் திறப்பு விழா இரயிலுக்குப் பின்னால் ஓடியது. முன்னால் இழுத்துச் சென்றவை இங்கிலாந்து இஞ்சின்கள். உள்ளூர் இஞ்சினுக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் பொறியியல் பேச வேண்டியிருக்கிறது. நீராவி இஞ்சினில் அடுப்பின் சூடான புகை, கொதிகலனுக்குள் செல்லும் பல மெல்லிய குழாய்கள் வழியாகப் போகும். குழாய்களைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து நீராவியாகும். அந்த நீராவி சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பெரிய சக்கரங்களைச் சுழற்றும். வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியாகச் சீறி வெளியேறும்போது அடுப்புக்குள் காற்றை இழுத்துத் தீயை இன்னும் வளர்க்கும். இஞ்சின் வேகமாக ஓட ஓட அடுப்பும் தானாகவே வேகமாக எரியும். எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

இதெல்லாம் அப்போதே தெரிந்த விஷயம். எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடையை வைப்பது என்பதில்தான் சிக்கல். நீங்கள் இயற்பியலில் படித்த உராய்வு விசையை நினைத்துப் பாருங்கள். இழுக்கும் சக்கரத்தின் மேல் எடை கூடினால் தண்டவாளத்தில் பிடிப்பு கூடும். எடை குறைந்தால் சக்கரம் வழுக்கும். அமெரிக்காவின் நோரிஸ் நிறுவனம் செய்த இஞ்சின், 1836-இல் பிலடெல்பியா அருகே செங்குத்தான சரிவில் ஏறிப் புகழ் பெற்றிருந்தது. அதன் முன்பகுதியில், வளைவுக்கு ஏற்பத் திரும்பும் நான்கு சிறு சக்கரங்கள் இருந்தன. பின்னால் இழுக்கும் சக்கரங்கள் ஒரே ஒரு சோடி. கனமான அடுப்பு அதற்கும் பின்னால் தொங்கியது. எடை இழுக்கும் சக்கரத்தின் மேல் விழுந்ததால் மேட்டில் நல்ல பிடிப்பு. ஆனால் வால் கனத்த வண்டி வேகத்தில் ஆடும்.

போர்சிக் தம் முதல் இஞ்சினுக்கு அந்த அமெரிக்க அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு முக்கிய மாற்றம் செய்தார். அடுப்புக்குப் பின்னால் இன்னொரு அச்சு வைத்து, தொங்கிய எடையைத் தாங்க வைத்தார். இதனால் இழுக்கும் சக்கரத்தின் பிடிப்பு ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால் பெர்லினைச் சுற்றியுள்ள நிலம் சமவெளி. அங்கே மலையேறும் பிடிப்பைவிட ஆடாமல் ஓடுவதுதான் பெரிது. அந்த மாற்றம் அந்த ஊருக்குப் பொருந்தியது என்பது என் கணிப்பு. அப்படியென்றால் இது நகலா, சொந்த வடிவமைப்பா? இரண்டும்தான் என்பேன். மற்றவர் செய்ததைப் பிரித்துப் பார்த்து, எது தன் ஊருக்கு ஒத்துவராது என்று கண்டுபிடித்தவரை வெறும் நகல்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாங்குபவர்களை நம்ப வைக்க வேண்டுமே! 1841 ஜூலையில், புதிதாகத் திறக்கப்பட்ட பெர்லின் – அன்ஹால்ட் தடத்தில் யூட்டர்போக் வரையிலான சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் போட்டி வைக்கப்பட்டது. ஒரு பக்கம் ஸ்டீவன்சன் இஞ்சின்; மறுபக்கம் ‘போர்சிக்’ என்றே பெயரிடப்பட்ட முதல் பெர்லின் இஞ்சின். போர்சிக் பத்து நிமிடம் முந்தியது. அன்றைய வேகத்துக்குப் பத்து நிமிடம் என்பது பல கிலோமீட்டர். தோற்றிருந்தால், திருகாணி செய்யும் வார்ப்படச்சாலையாகவே அந்த இடம் நின்றுபோயிருக்கக்கூடும்.

மறு ஆண்டு அவர் செய்த இன்னொரு வேலை சுவையானது. போட்ஸ்டாமின் சான்சூசி அரண்மனைத் தோட்டத்தில் நீரூற்று அமைக்க, மாமன்னர் பிரெடெரிக் காலத்தில் ஏராளமாகச் செலவழித்தும் தண்ணீர் ஏறவில்லை. 80 குதிரைத்திறனுக்குச் சற்றுக் கூடுதலான போர்சிக்கின் நீராவி இஞ்சின், குன்றின் மேலுள்ள தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றியது. நீரூற்று சுமார் 38 மீட்டர் உயரம் பாய்ந்தது. அந்த இஞ்சின் இருக்கும் கட்டடம் பள்ளிவாசல் வடிவில் கட்டப்பட்டது. மினாரா போல் தெரிவதுதான் புகைபோக்கி!

அதே 1842-இல் மே 8-ஆம் நாள், பிரான்சின் வெர்சாய் அருகே இரயிலை இழுத்துச் சென்ற இஞ்சினின் அச்சு முறிந்து, தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டே அச்சில் ஓடும் சிறிய இஞ்சின்கள் பாதுகாப்பானவையா என்று ஐரோப்பா முழுவதும் கேள்வி எழுந்தது. அச்சு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை மக்கள் உணர்ந்த காலத்தில்தான் போர்சிக்கின் 24-ஆவது இஞ்சின் உருவானது. அதில் நோரிஸின் நான்கு முன்சக்கரங்கள் இல்லை. மூன்று அச்சுகள், இழுக்கும் சக்கரம் நடுவில், சிலிண்டர்கள் வெளிப்புறத்தில். இங்கிலாந்து, அமெரிக்க இஞ்சின்களிலிருந்து கற்றதையெல்லாம் தம் கணக்கில் கலந்து செய்த இஞ்சின் அது. அதற்குத்தான் ‘பொய்ட்’ என்று பெயர் வைத்தார்.

ஏன் அந்தப் பெயர்? குத்திக்காட்டவா, நன்றி சொல்லவா? நான் நன்றியின் பக்கம் சாய்கிறேன். பொய்ட் ஒரு மாணவரைத் தவறாக எடைபோட்டார். ஆனால் அயல்நாட்டு இயந்திரத்தைப் பார்த்துக் கற்று, பிறகு சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற அவருடைய கனவை நிறைவேற்றிக் காட்டியது அதே மாணவர்தான். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் படிக்கும்படி அந்தப் பெயரை இஞ்சினில் பொறித்ததில் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன?

அதன் பிறகு எண்ணிக்கை பாய்ந்தது. 1846-இல் 100-ஆவது இஞ்சின், 1854-இல் 500-ஆவது. இங்கிலாந்துத் தகட்டையும் கம்பியையும் நம்பியிருக்கக் கூடாது என்று மோவாபிட் பகுதியில் சொந்த இரும்பாலை கட்டினார். தொழிலாளர்களுக்கு மருத்துவ உதவி நிதி, சேமிப்பு நிதி, உணவுக்கூடம், வகுப்பறை, குளிக்குமிடம் ஆகியவற்றை ஏற்படுத்தினார். 1854-இல் பிரஷ்ய இரயில் நிறுவனங்கள் வாங்கிய 69 இஞ்சின்களில் 67 போர்சிக் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

500-ஆவது இஞ்சினுக்கு விழா எடுத்த அதே ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் காலமானார். வயது ஐம்பது. தொழிற்சாலை மகன் ஆல்பர்ட்டின் கைக்குப் போனது. நான்கே ஆண்டில் 1,000-ஆவது இஞ்சின் வெளியே வந்தது. போர்சிக்கை அடக்கம் செய்த டொரோதீன்ஸ்டாட் கல்லறை அதே சௌசே தெருவில்தான் இருக்கிறது. அவருக்கு முந்தைய ஆண்டு இறந்த பொய்ட்டின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.